ஒதுக்கி வைப்பது ஓய்வு ஆகாது

"பெண்களுக்கு ஓய்வு கொடுக்கத்தான் அந்தக் காலத்தில் மாதவிலக்கின்போது மூன்று நாள் ஒதுக்கி வைத்தார்கள்" என்று படித்தவர்களே இப்போது மேடையில் பேசுகிறார்கள். இதை ஏற்க முடியாது.

ஓய்வு என்றால் நல்ல படுக்கை, வெந்நீர், வேளைக்குச் சாப்பாடு. வீட்டுக்குத் தூரமானவளுக்குக் கிடைத்தது கொல்லைப்புறமும் தனித்தட்டும் பழந்துணியும். அடுப்படிக்குள் வரக்கூடாதே தவிர, துணி துவைக்கவும் மாட்டுக்கொட்டில் கூட்டவும் களையெடுக்கப் போகவும் யாரும் தடை சொன்னதில்லை. மதுரை மாவட்டம் கூவலாபுரத்தில் மாதவிலக்கான பெண்கள் தங்குவதற்கென்றே 'முட்டுத்துறை' உண்டு. பிள்ளை பெற்றவளும் பச்சைக் குழந்தையோடு அங்கேதான் இருக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டை அருகே, வயதுக்கு வந்ததால் தனிக்குடிசையில் படுக்க வைக்கப்பட்ட சிறுமி, தென்னைமரம் சாய்ந்து விழுந்து இறந்துபோனாள். வெறும் களைப்புக்காக ஒதுங்கியிருந்தால், புயல் வருகிறது என்றதும் எழுந்து வீட்டுக்குள் வந்திருப்பாள். அவளைக் குடிசையில் நிறுத்தியது தீட்டு.

"கெட்ட ரத்தம் வெளியேறுகிறது, அதனால்தான் தொடக்கூடாது" என்பது அடுத்த வாதம். கருவைத் தாங்கத் தடித்து வளரும் கருப்பையின் உட்சவ்வு, கரு தங்காத மாதத்தில் ரத்தத்தோடு உதிர்கிறது. அதில் அழுக்கும் இல்லை, விஷமும் இல்லை. இந்த நம்பிக்கையால் வரும் கேடு பெரிது: உதிரப்போக்கு மிகுந்தாலும் "கெட்டது போகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு சுழற்சியில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அதிக உதிரப்போக்கும் அதற்கொரு காரணம் என்று எத்தனை வீடுகளில் தெரியும்?

மாதவிலக்கானவள் தொட்டால் ஊறுகாய் கெட்டுவிடும் என்பார்கள். ஊறுகாய் கெடுவது ஈரக் கையாலும் உப்புக் குறைவாலும். அதற்கு மேல் அதைப் பேச வேண்டியதில்லை.

"இதையெல்லாம் பள்ளியில் பேசலாமா, பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா?" என்பவர்களும் இருக்கிறார்கள். மஞ்சள் நீராட்டுக்குத் தெருவெல்லாம் பிளெக்ஸ் வைத்து, பெண் வயதுக்கு வந்ததை ஊருக்கே அறிவிக்கிறோம். ஆனால் அந்த ரத்தம் எங்கிருந்து வருகிறது, நாப்கினை எத்தனை மணி நேரத்துக்கொரு முறை மாற்ற வேண்டும் என்று அவளிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. வளரிளம் பருவம் பற்றிய பாடம் எட்டாம் வகுப்பில் வருகிறது. ஆறிலும் ஏழிலுமே வயதுக்கு வந்துவிடும் பிள்ளைகள் பலர். முதல் ரத்தத்தைப் பார்த்து, தனக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்று நடுங்கும் குழந்தைக்கு அந்தப் பாடம் தாமதம். ஐந்தாம் வகுப்பிலேயே, பையன்களையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீரும் மூடியுள்ள குப்பைத்தொட்டியும் தாழ்ப்பாளும் இருக்க வேண்டும்.