அரைக்கிலோ துப்பாக்கியும் அயோத்தியாப்பட்டணம் கடைசி பஸ்ஸும்

பெண்கள் மேல எங்கயாவது ஒரு கொடுமை நடந்து டிவில ஓட ஆரம்பிச்சா போதும். ரெண்டே நாள்ல ஆபீஸ் கேன்டீன்ல இருந்து டீக்கடை பெஞ்சு வரைக்கும் ஒரு யோசனை கிளம்பிடும். "பொம்பளப் புள்ளைங்க கையில ஆளுக்கொரு துப்பாக்கியக் குடுத்துடணும்ங்க. அந்தக் கான்பூர்க்காரன் பண்ணானே, வெயிட்டே இல்லாத ரிவால்வர், அதை மறுபடி பெருசா கொண்டு வரணும்." சொல்றவர் பெரும்பாலும் ஆம்பளையாத்தான் இருப்பார். கையில சூடா ஒரு மசால்வடையும் இருக்கும்.

இந்த யோசனை வெட்டி யோசனை மட்டுமில்லை, பொறுப்பைத் தட்டிக் கழிக்கிற ஏமாத்து வேலையும்கூட. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன பிளாஷ்பேக். 2012 டிசம்பர் 16 டெல்லி பஸ் கொடுமைக்கு அப்புறம் நாடே கொதிச்சுது. 2014 ஜனவரியில கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்'னு ஒரு ரிவால்வரை இறக்குச்சு. பெண்களுக்கான துப்பாக்கின்னு விளம்பரம். டைட்டானியம் கலந்த உலோகம், .32 போர், ஆறு குண்டு, எடை கிட்டத்தட்ட அரைக்கிலோ. நிர்பயான்னாலும் நிர்பீக்னாலும் பயமில்லாதன்னுதான் அர்த்தம். அதாவது செத்துப்போன பொண்ணுக்கு ஊர் வெச்ச பேரை ஞாபகப்படுத்தி ஒரு சரக்கு. நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில வெச்சுக் குடுத்தாங்க. விலை 1,22,360 ரூபாய். துப்பாக்கியால பாதிக்கப்பட்ட பெண்களுக்காக வேலை செய்யிற மணிப்பூரின் பினாலட்சுமி நெப்ரம், இது அந்தப் பொண்ணோட நினைவுக்கே அவமானம்னு அப்பவே சொன்னார். யார் காதுல விழுந்துச்சு?

முதல்ல இந்த 'வெயிட்டே இல்லை' மேட்டரைப் பார்ப்போம். இப்பப் பொட்டி தட்டுற பொழப்புன்னாலும் படிச்சது மெக்கானிக்கல் ஆச்சே, கொஞ்சம் பேசிக்கறேன். அதே குண்டு, அதே வேகம்னா, துப்பாக்கி எடை குறையக் குறைய கையில உதைக்கிற உதை கூடும். நியூட்டன் காலத்துக் கணக்கு. 700 கிராம் துப்பாக்கியை 500 கிராம் ஆக்கினா பின்னுதைப்போட ஆற்றல் 40 சதவீதம் கூடும். முதல் குண்டு சுட்டதும் கை தூக்கிக்கும், ரெண்டாவது குண்டு எங்க போகும்னு சுட்டவருக்கே தெரியாது. பழகாத கைக்குச் சுலபமா இருக்கும்னு சொல்லி விக்கிற பொருள், பழகாத கைக்குத்தான் ரொம்பக் கஷ்டம். சுமக்க லேசு, சுட கஷ்டம். விளம்பரத்துல முதல் பாதி மட்டும் இருக்கும்.

அமெரிக்காக்காரன் இந்த விளையாட்டையெல்லாம் எப்பவோ ஆடி முடிச்சுட்டான். 1950களோட ஆரம்பத்துல அவங்க விமானப்படைக்கு அலுமினியத்துல ரிவால்வர் செஞ்சாங்க. குண்டு போடற சிலிண்டர்கூட அலுமினியம். தாங்கலை. பெரும்பாலானதைத் திரும்ப வாங்கி உடைச்சே போட்டாங்க. அதே காலத்துல கோல்ட் கம்பெனி 'கோப்ரா'ன்னு அலுமினிய உடம்புல ஒண்ணு விட்டுது. 1963-ல ஜாக் ரூபி ஆஸ்வால்டைச் சுட்டது அதாலதான். 1981-ல தயாரிப்பை நிறுத்தினாங்க. ரசிகருங்க ஏங்கி ஏங்கி 2017-ல அந்தப் பேர் திரும்பி வந்துது. எப்படி? முழுக்க எஃகுல, சுமார் 700 கிராம் எடையில! நம்ம ஊர்லயும் கதை அதேதான். 2021-ல ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைச்சு ஏழு கம்பெனியாக்கினாங்க. அதுல ஒண்ணு, நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையையும் சேர்த்து நடத்துற கான்பூர் கம்பெனி, 2023-ல 'பிரபல்'னு புது ரிவால்வர் விட்டுது. எடை? அதுவும் 700 கிராம் பக்கம்தான்.

சரி, எடையை விடுங்க. காசு இருக்கு, வாங்கலாம்னே வெச்சுப்போம். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேணும். மனு, போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று, எதுக்குத் துப்பாக்கின்னு காரணம். கட்டுப்பாடு இருக்கறது நல்லதுதான், அதைக் குறை சொல்லலை. ஆனா இன்னொண்ணு இருக்கு பாருங்க. தேர்தல் வந்தா, விலக்கு வாங்கினவங்களைத் தவிர மத்தவங்க துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு நடத்தை விதி மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை இருந்துச்சு. எண்பது நாளுக்கு மேல. அந்த எண்பது நாள் பொறுக்கிப் பசங்களும் லீவு போட்டுடுவாங்களா என்ன?

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். துப்பாக்கி யோசனை சொல்ற எல்லாரோட மனசுலயும் ஒரே சினிமா சீன்தான் ஓடுது: இருட்டு ரோடு, முன்ன பின்ன தெரியாத ரவுடி, ஹேண்ட்பேக்ல இருந்து டக்குன்னு ரிவால்வர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தோட புள்ளிவிவரத்தைத் திறந்து பாருங்க. பாலியல் வன்கொடுமை வழக்குகள்ல வருஷா வருஷம் 90 சதவீதத்துக்கு மேல செஞ்சவன் தெரிஞ்ச ஆள். சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், கூட வேலை பார்க்கிறவன், கட்டிக்கிறேன்னு சொன்னவன். 2022 கணக்குல பெண்களுக்கு எதிரான குற்றங்கள்ல முதல் இடம் எதுக்குன்னு நினைக்கிறீங்க? புருஷனும் அவன் வீட்டாரும் செய்யிற கொடுமைக்கு. மூணுல ஒரு பங்கு கிட்ட. மாமனைச் சுடறதா, மச்சானைச் சுடறதா? அப்புறம் அந்த ரிவால்வரோட பீரோ சாவி வீட்ல யார் இடுப்புல இருக்கும்னு நினைக்கிறீங்க?

2019-ல வெளிய வந்த பொள்ளாச்சி வழக்கையே எடுத்துக்குங்க. பழகி, நம்ப வெச்சு, வீடியோ எடுத்து மிரட்டினானுங்க. அங்க அரைக்கிலோ துப்பாக்கி என்னத்தைக் கிழிச்சிருக்கும்? 2025 மே 13-ல கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகற வரைக்கும் ஆயுள்னு தீர்ப்பு குடுத்துச்சே, அதைச் சாதிச்சது மிரட்டலுக்கு அசராம வந்து சாட்சி சொன்ன பெண்களும், அழியாம மாட்டின ஆதாரமும். சொல்ற பொண்ணை நம்பற ஒரு ஸ்டேஷன், முடியிற ஒரு வழக்கு. ஆயுதம்னா அதுதான் ஆயுதம்.

"துப்பாக்கி நிறைய இருந்தா பயம் வரும்ங்க"ன்னு ஒருத்தர் வருவார். 2016 கடைசியில நாடு முழுக்க 33 லட்சத்து சொச்சம் உரிமம் இருந்துச்சு. அதுல 12 லட்சத்துக்கு மேல உத்தரப்பிரதேசத்துல மட்டும். அப்ப இந்தியாவுலயே பெண்கள் நிம்மதியா நடமாடற ஊர் உ.பி.ன்னு ஆகணுமே? சொல்லுங்கண்ணே, ஆகுதா?

கடைசியா எங்க ஊருக்கு வாங்க. சேலத்துல இருந்து ஆத்தூர் போற ரோடும் அரூர் போற ரோடும் பிரியிற இடம் அயோத்தியாப்பட்டணம். ராத்திரி கடைசி டவுன் பஸ்ல இறங்கறது யாருங்க? ஜவுளிக்கடையில நாளெல்லாம் நின்னு கால் வீங்கின பொண்ணு, தறிக்குப் போயிட்டு வர்ற அக்கா, ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிஞ்ச நர்ஸம்மா. அவங்க பையில டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில், குடை, செல்போன். ஒண்ணேகால் லட்சத்துக்கு ரிவால்வர் வாங்கற நிலைமையில இருந்தா அவங்க ஏன் கடைசி பஸ்ல வர்றாங்க? பின்னாடி பைக்ல வந்து செயினை அறுக்கறவனுக்கு அரை நொடி போதும். ஹேண்ட்பேக் ஜிப்பைத் திறக்கவே அதுக்கு மேல ஆகும். பையோட அடிச்சுட்டுப் போனான்னா துப்பாக்கியும் அவனுக்கே போனஸ்.

அவங்களுக்கு வேண்டியது எல்லாம் சப்பைன்னு தோணற விஷயம். கடைசி பஸ் சொன்ன நேரத்துக்கு வரணும். ஸ்டாப்புல இருந்து வீட்டுச் சந்து வரைக்கும் விளக்கு எரியணும். 181-க்கோ 112-க்கோ கூப்பிட்டா ஆள் வரணும். புகார் குடுக்கப் போனா "அந்நேரத்துக்கு அங்க உனக்கென்ன வேலை"ன்னு கேக்காம எழுதிக்கணும். இதெல்லாம் நம்ம வரிப்பணத்துல நடக்க வேண்டிய வேலை. "துப்பாக்கி வாங்கிக்கோம்மா"ன்னு சொல்றது, அந்த வேலையை அவ தலையில கட்டி, அதுக்கு அவகிட்டயே பில்லும் நீட்டற மாதிரி.

சட்டப்படி உரிமம் வாங்கி வெச்சுக்கற பெண்களை நான் தடுக்கலை. உயிருக்கு நேரடி மிரட்டல் இருக்கறவங்க கேட்டா வாங்கட்டும், அது அவங்க முடிவு. ஆனா அதைப் பெண்கள் பாதுகாப்புன்னு பேர் போட்டு, நகைப்பெட்டியில வெச்சு விக்காதீங்க. அப்படி ஒண்ணு திரும்ப வரணும்னு ஏங்கவும் ஏங்காதீங்க.

அடுத்த தடவை டீக்கடையில யாராவது இதை ஆரம்பிச்சா, "உங்க தெரு விளக்கு எரியுதாங்ணா?"ன்னு மட்டும் கேட்டுப் பாருங்க. மாத்துக் கருத்து இருக்கறவங்க பின்னூட்டத்துல வந்து கும்முங்க, நான் ரெடி. ஆனா ஒரு சின்ன வேண்டுகோள்: கும்மறதுக்கு முன்னாடி வீட்ல இருக்கற அம்மாகிட்டயோ அக்காகிட்டயோ "உனக்கு ரிவால்வர் வேணுமா, இல்ல ஒன்பதரை மணி பஸ் வேணுமா?"ன்னு கேட்டுட்டு வாங்க :-)