கள்ளிக்கு வார்த்த நீர்

அன்பினாலே ஓர் உயிரைக் கொல்லுதல் கூடுமோ என்று சில ஆண்டுகளுக்கு முன்னர் எவரேனும் வினவியிருப்பின், கூடாது என்றே விடையிறுத்திருப்பேன். இன்று அவ்வாறு சொல்ல நா எழவில்லை. நான் கொன்றது ஒரு சிறு கள்ளி. ஒரு கள்ளிக்காக இப்பக்கத்தை எடுத்துக்கொள்ளலாமோ என ஐயுறும் அன்பர்கள், சற்றுப் பொறுத்து இறுதிவரை வாசிக்குமாறு வேண்டுகின்றேன்.

என்னிடம் தமிழ் கற்றுப் பின்னர்ப் பல்கலைக்கழகத்திலே தாவரவியல் பயின்ற மாணவர் ஒருவர், ஒரு தைப்பொங்கலுக்கு மறுநாள் என்னைக் காண வந்தார். அவர் கையிலே ஒரு சிறு மண்சாடி இருந்தது. அதனுள்ளே எலுமிச்சங்காய் அளவான உருண்டைக் கள்ளி ஒன்று; உடலெங்கும் பொன்னிற முட்கள். "ஐயா, இது உங்கள் மேசைக்கு" என்று வைத்தார். ஏதோ மேலும் சொல்ல எண்ணியவர்போல நின்றார். பின்னர் வணங்கி விடைபெற்றார்.

அன்று தொடங்கித் துளசிக்கு நீர் வார்க்கும்போதெல்லாம் அதற்கும் ஒரு செம்பு வார்த்தேன். பங்குனி சித்திரை வெயில் என் பிழையை மறைத்தது. நான் வார்த்த நீரை வெயிலே குடித்துவிட்டது. ஐப்பசியில் மழை தொடங்கிற்று. மழைநீர் அமிர்தமன்றோ என்று சாடியை முற்றத்திலே வைத்தேன். மார்கழி பிறந்தபோது கள்ளி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நிமிர்த்தலாமென்று தொட்டேன், அளிந்த பழம்போல அடி கழன்று கையோடு வந்தது. உள்ளே கபில நிறக் கூழன்றி வேறொன்றுமில்லை. முட்கள் மட்டும் பொன்னிறம் குன்றாமலே இருந்தன. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று வகுப்பிலே நூறுமுறை சொன்னவன் நான்.

முதலிற் செய்திருக்க வேண்டியதை அதன் பின்னரே செய்தேன். அஃதாவது, இச்செடி யாது, எங்குள்ளது, எவ்வாறு வாழ்வது என்று தேடிப் படிக்கலானேன்.

தமிழாசிரியன் ஆதலின் சொல்லிலிருந்து தொடங்கினேன். கள்ளி என்பது நமக்குப் பழஞ்சொல். குறுந்தொகையின் பாலைப் பாட்டுக்களிலே கள்ளி உண்டு. புறநானூற்றின் சுடுகாட்டுப் பாட்டுக்களிலும் உண்டு. ஆயின் அக்கள்ளி வேறு, என் மேசையிலிருந்த கள்ளி வேறு. சதுரக்கள்ளி, திருகுகள்ளி முதலிய நம் பழங்கள்ளிகள் ஆமணக்குக் குடும்பத்தைச் சார்ந்தவை. கீறினால் வெண்பால் சொரியும். கக்டஸ் என வழங்கும் இக்கள்ளியோ அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. 1492 இற்கு முன்னர் இதன் முள்ளினங்கள் நம் நாடுகளில் இருந்ததில்லை. இதன் முட்கள் பஞ்சுமெத்தை போன்ற சிறு புள்ளிகளிலிருந்து கொத்தாகப் புறப்படும். அப்புள்ளிகளே இக்குடும்பத்தின் அடையாளம். வெவ்வேறு கண்டத்தில் வெவ்வேறு குடியிற் பிறந்த இரண்டும், ஒரே வகை வறட்சியைத் தாங்கித் தாங்கி ஒரே தோற்றம் பெற்றன. கடல் கடந்து வந்த நாகதாளியைக் கண்ட நம் முன்னோர், தோற்றம் பற்றி அதனையும் சப்பாத்திக்கள்ளி என்று பழம்பெயராலே அழைத்தனர். அது தவறன்று. ஆனால் பாலைத் திணைக்குப் படம் வரையச் சொன்னால், நம் மாணவர் இரு கையுயர்த்தி நிற்கும் அரிசோனாவின் சகுவாரோவை வரைந்து தருகின்றனரே, அதனைத் திருத்தாது விடுதல் நம் தவறு.

இங்கே ஒரு வியப்பும் உண்டு. கக்டஸ் குடும்பத்திலே அமெரிக்காவுக்கு வெளியே இயற்கையாக வளர்வது ஒன்றே ஒன்று. அதன் பெயர் றிப்சாலிஸ். ஆபிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் வளரும் அது நம் இலங்கையிலும் வளர்கின்றது. ஈரக் காட்டு மரங்களிலே ஒட்டி, பச்சைக் கயிறுகள் போலத் தொங்கும். வளர்ந்த தண்டில் முள் இராது. அதன் வித்தைப் பறவைகள் காவி வந்திருக்கலாம் என்பது அறிஞர் சிலர் கருத்து.

இனி என் பொன்முட் கள்ளியின் ஊரைக் கூறுவேன். அது நடு மெக்சிக்கோவின் கெரெத்தாரோ, இதால்கோ மாநிலங்களின் மலைச் சரிவுகளுக்கு உரியது. 1891 இல் செருமானியக் கள்ளி வளர்ப்பாளராகிய ஹில்ட்மன் அதற்குப் பெயரிட்டபோது, பெருங் கள்ளித் தொகுப்பொன்றை வைத்திருந்த மக்தபேர்க் நகர இரும்பாலை அதிபர் குறூசனின் பெயரைச் சேர்த்தார். இன்று உலகமெங்கும் பூங்கன்றுக் கடைகளிலே அது மலிந்து கிடக்கின்றது. தாயகத்திலோ அழியும் அபாயத்திலுள்ள இனம். 1990களில் சிமப்பான் என்னுமிடத்தில் மின்சாரத்துக்காக ஓர் அணை கட்டப்பட்டது. அந்த நீர்த்தேக்கம் அக்கள்ளியின் சரிவுகள் பலவற்றை மூழ்கடித்தது. இதனைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அங்கும் நீர், என் முற்றத்திலும் நீர்.

நீர் ஏன் அதனைக் கொல்கின்றது? கள்ளி நீரை வெறுப்பதன்று, நீரைச் சேமிப்பது. இலைகள் முட்களாகிவிட்டமையால் நீர் வெளியேறும் பரப்புக் குறைவு. தண்டிலே மேலிருந்து கீழாக ஓடும் மடிப்புகள் ஆர்மோனியத் துருத்தி போன்றவை. நீர் கிடைத்தால் விரியும், தீர்ந்தால் சுருங்கும். பிற செடிகள் பகலிலே இலைவாய் திறந்து காபனீரொட்சைட்டை உள்வாங்கும். கள்ளியோ பகல் வெயிலிலே வாய்மூடியிருந்து இரவின் குளிரிலே திறக்கின்றது. பெற்றதை மலிக்கமிலமாக்கி வைத்து, மறுநாள் ஒளி வந்ததும் உணவாக்குகின்றது. இத்தகைய இயல்பை முதலிற் குறித்தவர்களுள் ஒருவர் சென்னை மாகாணத்திலே பணியாற்றிய பெஞ்சமின் ஹைன். கள்ளியன்றாயினும் இதே வழக்கமுடைய சதைப்பற்றுள்ள செடியொன்றின் இலை காலையில் புளிப்பதையும் மாலையில் கைப்பதையும் அவர் மென்று கண்டார். அச்செய்தி 1815 இல் அச்சேறிற்று. செடியைச் செடியிடமே கேட்டறிந்தார் எனலாம்.

இவ்வாறு சிக்கனமாக வாழும் செடிக்கு நாள்தோறும் நீர் வார்த்தால் மண்ணின் துளைகளெல்லாம் நீரால் நிறையும். வேர் சுவாசிக்க ஒட்சிசன் இராது. மூச்சுமுட்டிய வேரிலே பங்கசு புகும். அழுகல் அடியிலிருந்து மேலேறும். வெளியே தெரியும்போது காலம் கடந்துவிடும்.

இரண்டாவது கன்றொன்றை வாங்கி மூன்றாண்டுகளாக வளர்த்து வருகின்றேன். கண்டறிந்தவற்றைச் சுருங்கச் சொல்வேன். சாடி மண்ணாலாயதும் அடியிலே துளையுடையதுமாதல் வேண்டும். கன்றிலும் சிறிதே பெரிதாயின் போதும். மண்ணிலே பாதிக்கு மேல் பருமணலும் குறுணிக்கல்லுமாக இருத்தல் நன்று. நீர் வார்த்தால் அடித்துளையால் வடியும்வரை வார்த்து, பின்னர் உள்மண்ணும் முற்றாகக் காயும்வரை விட்டுவிடவேண்டும். நாட்கணக்கு நம்பத்தக்கதன்று; ஓர் ஈர்க்கைச் செருகி எடுத்து ஈரம் பார்ப்பதே என் வழக்கம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுண்ணாம்பு மிக்கது, வெண்படலம் படியும். ஆதலின் மழைநீரைச் சேமித்து வைத்து வார்க்கின்றேன்.

காலம்பற்றி ஒன்று கருதத்தக்கது. மெக்சிக்கோவின் அம்மலைகளில் மழை யூன் முதல் செத்தெம்பர்வரை; பனிக்காலமோ வறண்டது. கள்ளி அப்பொழுது துயில்கொள்ளும். நமக்கோ ஐப்பசி முதல் மார்கழிவரையே பெருமழை. அது துயிலும் காலத்தில் நாம் நனைகின்றோம். அம்மாதங்களில் சாடியை மழை படாத, காற்றும் ஒளியும் உள்ள விறாந்தை ஓரத்தில் வைத்து, நீரை ஏறத்தாழ நிறுத்திவிடுதல் வேண்டும். ஒளி குறைந்தால் உருண்டை வடிவிழந்து வெளிறி மேல்நோக்கி நீளும். அது வளர்ச்சிபோலத் தோன்றும். உண்மையில் ஒளிதேடும் தவிப்பு. அதற்காக உடனே உச்சி வெயிலில் வைத்தால் தோல் கருகும். காலை வெயிலிலிருந்து சிறிது சிறிதாகப் பழக்குதல் முறை. வெண்பஞ்சுபோல் பூச்சி ஒட்டினால் மதுசாரம் தோய்த்த பஞ்சாலே துடைக்கலாம். சாடி மாற்றும்போது பத்திரிகைத்தாளை மடித்து இடுப்பைச் சுற்றிப் பிடித்தால் முள் தைக்காது. மாற்றிய பின் ஒரு கிழமை நீர் வேண்டாம். வேரின் காயம் ஆறட்டும்.

வாங்குமிடத்தும் விழிப்பு வேண்டும். உலர்ந்த பூவைப் பசையால் ஒட்டி, பூத்த கள்ளி என்று விற்போர் உளர். அன்றியும், காட்டிலிருந்து பிடுங்கப்பட்ட கள்ளியை எவரும் வாங்கலாகாது. 1,478 இனங்களை ஆராய்ந்து 2015 இல் வெளிவந்த கணிப்பின்படி அவற்றுள் நூற்றுக்கு 31 பங்கு அழியும் அபாயத்தில் உள்ளது. 2020 இல் இத்தாலியிலே, சிலி நாட்டுப் பாலைநிலத்திலிருந்து களவாகக் கொண்டுவரப்பட்ட 1,000 இற்கு மேற்பட்ட கள்ளிகள் பிடிபட்டன. அவற்றுட் பெரும்பாலானவை மறு ஆண்டு தாயகத்துக்கு அனுப்பப்பட்டன. வித்திலிருந்து வளர்த்த கன்றே வீட்டுக்கு உரியது. பொன்முட் கள்ளி வித்திலிருந்து நன்கு முளைப்பது.

சென்ற தைப்பொங்கலுக்கு அம்மாணவர் மீண்டும் வந்தார். மேசையிலிருந்த கள்ளியைக் கண்டு அவர் முகம் மலர்ந்தது. மறைக்க மனம் ஒப்பவில்லை. "இது நீர் தந்ததன்று, அதனை நான் நீர் வார்த்துக் கொன்றுவிட்டேன்" என்றேன். அவர் தலைகுனிந்து சொன்னார்: "ஐயா, அடிக்கடி தண்ணீர் விடக்கூடாது என்று அன்றைக்கே சொல்ல நினைத்தேன். ஐயாவுக்கு நான் சொல்வதோ என்று பேசாமல் போய்விட்டேன்."

அந்தச் சொல் முள்ளினும் ஆழமாகத் தைத்தது. கள்ளியைக் கொன்றது நீர் மட்டுமன்று. அறிந்தவர் ஒருவர் என் முன்னே நின்றார், நான் கேட்கவில்லை, அவர் சொல்ல இயலாதவாறு அவரை வளர்த்தவனும் நானே. முப்பது ஆண்டுகளாக வகுப்பிலே கேள்வி கேட்டவன் நான். மாணவர் என்னைக் கேட்டது எத்தனை முறை, எனக்குச் சொன்னது எத்தனை முறை என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். விரல்கள் மிஞ்சின.

ஆசிரிய நண்பர்களே, நாம் மாணவரை வெறுப்பவர்களல்லேம். நம் பிழை பெரும்பாலும் செம்பும் கையுமாக நிற்பதுதான். விடியுமுன் ஒரு வகுப்பு, பகலில் பாடசாலை, மாலையில் இன்னுமொரு வகுப்பு, ஞாயிறும் வகுப்பு, குறிப்பின்மேற் குறிப்பு. முதலில் வார்த்தது காய்ந்து உள்ளே சேர்ந்ததா என்று பார்க்க நமக்குப் பொழுதில்லை. பரீட்சைப் பெறுபேறு பொன்முள்போல் வெளியே மின்னுகின்றது. வேரை யார் பார்க்கின்றார்கள்? ஒரு பிள்ளை வாய் திறந்து, "ஐயா, இது எனக்கு விளங்கவில்லை, சற்று நிறுத்துங்கள்" என்று சொல்லக்கூடிய வகுப்பிலேயே கல்வி வேர்கொள்ளும்.

பொன்முட் கள்ளி சாடியிலே பூப்பதற்கு இருபது ஆண்டளவு செல்லும் என்பர். ஐம்பதைக் கடந்த எனக்கு அப்பூவைக் காணும் பேறு வாய்க்குமோ, அறியேன். ஆயினும் இவ்வாண்டு தொடக்கம் அம்மாணவரிடம் ஒரு சொல் வாங்கியிருக்கின்றேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து கள்ளியைப் பார்த்து, நான் செய்யும் பிழையை எனக்குச் சொல்லிவிட்டே அவர் போக வேண்டும்.