லாரிக்காரருக்குத் துப்பாக்கியா? முதலில் எஃப்.ஐ.ஆர். போடுங்கய்யா!

நாக்பூருக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகிறது. தமிழ்க்குரல் கேட்டால் நாற்காலியை விட்டு எழுந்து போய்ப் பார்க்கும் வியாதி எனக்கு உண்டு. போன மாதம் ஒரு மதியம் கிளையில் அப்படி ஒரு குரல். சங்ககிரிக்காரர், லாரி டிரைவர், ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் பிளாஸ்திரி. ஏடிஎம் கார்டை முடக்க வந்திருந்தார்.

ராத்திரி கண் சொருகுகிறதே என்று ரோட்டோரம் வண்டியை ஓரங்கட்டித் தூங்கியிருக்கிறார். நாலு பேர் வந்து கதவைத் தட்டி, அடித்து, போன், பர்ஸ், டேங்கில் இருந்த டீசல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காவல் நிலையத்துக்குப் போனால் "இது எங்கள் எல்லை இல்லை". அடுத்த நிலையத்தில் "அது அவர்கள் எல்லை". லோடு இறக்க நேரமாகிறது என்று மனுஷன் விட்டுவிட்டு வந்துவிட்டார்.

டீ குடிக்கும்போது கேட்டார்: "சாருங்க, உங்க பேங்க் வாசல்ல ஒருத்தரு துப்பாக்கியோட நிக்கறாருங்களே, அந்த மாதிரி ஒண்ணு வண்டியில வெச்சுக்க லைசென்சு கெடைக்குங்களா?"

அன்று இரவு நண்பர்களிடம் இதைச் சொன்னேன். ஒருத்தர் பாக்கியில்லாமல் "கொடுக்கத்தான் வேண்டும், அமெரிக்காவில் எல்லாம் வைத்திருக்கிறான்" என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மாட்டினால் குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் சிறை. உரிமம் கேட்க வழி இல்லாமல் இல்லை. தொழிலின் தன்மையால் உயிருக்கோ உடைமைக்கோ பாதுகாப்பு தேவைப்படுபவர் கேட்கலாம் என்று 2016 ஆயுத விதிகளிலேயே இருக்கிறது. சங்ககிரிக்காரரை விட அதற்குப் பொருத்தமானவர் யார்?

ஆனால் உரிமத்துக்கு எல்லை உண்டு. நாமக்கல்லில் இருந்து நாக்பூர் வருவதற்குள் தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, மகாராஷ்டிரா என்று ஐந்து மாநிலம். நாடு முழுக்கச் செல்லும் உரிமம் அமைச்சர், எம்.பி., படையினர், அகில இந்தியப் பணி அதிகாரிகள், துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்கள் என்று ஒரு சின்ன வட்டத்துக்குத்தான் சுலபம். நாடு முழுக்க நிஜமாகவே சுற்றுகிற டிரைவர் அந்த வட்டத்தில் இல்லை! முதலாளி பெயரில் இருக்கும் துப்பாக்கியை டிரைவரிடம் சும்மா கொடுத்தனுப்பவும் முடியாது.

சரி, அமெரிக்கா. அங்கேயும் பல மாநிலங்கள் அடுத்த மாநிலத்து உரிமத்தை ஏற்பதில்லை. அப்படிப்பட்ட மாநிலங்களைக் கடந்து போகிறவருக்கு 1986ல் வந்த கூட்டரசுச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. எப்படி? குண்டை எடுத்துவிட்டு, கைக்கு எட்டாத இடத்தில், தனி அறை இல்லாத வண்டியானால் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். நடுராத்திரி கதவைத் தட்டுகிறவனிடம் "இருப்பா, சாவியைத் தேடிக்கிறேன்" என்று சொல்ல வேண்டியதுதான்.

சட்டத்தைத் தளர்த்திவிட்டால்? அப்போதும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம் ஓங்கோல்.

2008ல் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஓங்கோல் பக்கம் ஒரு கும்பல், வாகனச் சோதனை அதிகாரிகள் போல நடித்து லாரிகளை நிறுத்தியது. டிரைவரையும் கிளீனரையும் கழுத்தை நெரித்துக் கொன்று புதைத்தது. இரும்பு லோடை விற்றார்கள், லாரியையும் உடைத்து விற்றார்கள். தமிழ்நாட்டு லாரியும் அதில் உண்டு. 2021 மே மாதம் ஓங்கோல் நீதிமன்றம் 12 பேருக்கு மரண தண்டனை விதித்தது.

இப்போது அந்த டிரைவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் பாருங்கள். டார்ச் அடித்துக் கை காட்டுகிறவன் அதிகாரியா, கொலைகாரனா? இறங்கிப் போனால் சாவு. சுட்டால், செத்தது நிஜமான அதிகாரியாக இருந்தால்? இந்த வித்தியாசத்தை இருட்டில் அரை நிமிஷத்தில் கண்டுபிடிக்கும் வேலையை டிரைவர் தலையில் கட்டுவதா நியாயம்?

2018ல் போபால் அருகே மண்டிதீப்பில் ஒரு தையல்காரர் பிடிபட்டார். முப்பதுக்கும் மேற்பட்ட டிரைவர்களையும் கிளீனர்களையும் கொன்றதாக ஒப்புக்கொண்டார் என்றது போலீஸ். தாபாவில் சிநேகிதமாகப் பேசி, சாப்பாட்டில் மயக்க மருந்து கலப்பதுதான் வழி. இடுப்பில் இருக்கும் துப்பாக்கி இதற்கு என்ன செய்யும்? கூடுதலாகத் திருட ஒரு பொருள், அவ்வளவுதான்.

"தற்காப்பு உரிமை இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரை அதுதான். கொள்ளையைத் தடுக்கும்போது, தேவைப்பட்டால் உயிரைப் பறிக்கும் அளவுக்குக்கூட 41வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் சுட்ட மறுநாள் என்ன ஆகும்? விசாரணை, வழக்குச் சொத்தாக லாரி காவல் நிலைய வாசலில். வாய்தாவுக்கு வாய்தா ஆயிரம் கிலோமீட்டர் பயணம். தவணை மட்டும் நிற்காது. அதை வசூலிக்கிற ஆள் நான், எனக்குத் தெரியும். சட்டத்தில் ஜெயித்து வாழ்க்கையில் தோற்பது என்பது இதுதான்.

எங்கள் பணத்துக்கு என்ன பாதுகாப்பு தெரியுமா? பணம் ஏற்றிப்போகும் வண்டிகளுக்கு 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி விதி போட்டது. டிரைவர் தவிர பணத்துக்குப் பொறுப்பாளர் இரண்டு பேர், துப்பாக்கிக் காவலர் இரண்டு பேர், ஜிபிஎஸ். இவ்வளவும் இருந்தும், ராத்திரி ஓட்டத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. அதாவது துப்பாக்கியை மட்டும் நம்பாதே என்று சொல்கிறது.

அதே 2018 நவம்பரில் இன்னொன்றும் நடந்தது. நேஷனல் பர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற கட்டாயத்தை மத்திய அரசு எடுத்துவிட்டது. கிளீனர் என்ற இனமே ஏற்கெனவே அழிந்துகொண்டிருந்தது. ஒருவர் தூங்க, ஒருவர் விழித்திருக்க என்று இருந்த ஒரே காவலும் போச்சு. 2025 வரை அமலில் இருந்த 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை என்றது. நீண்ட தூர லாரியில் அதை யார் பார்த்தார்கள்? ஆளைப் பறித்துக்கொண்டு அந்த இடத்தில் துப்பாக்கியை வைக்கச் சொல்வது தீர்வா?

டிரைவருக்கு வேண்டியது இன்னொரு ஆள். விளக்கும் காவலும் உள்ள நிறுத்துமிடம். வண்டியை நிறுத்துகிற அதிகாரி முதலில் தன் அடையாள அட்டையைக் காட்டும் ஒழுங்கு. கடைசியாக, புகாரை வாங்கிக்கொள்ளும் ஒரு காவல் நிலையம்.

கடைசியில் சொன்னதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173வது பிரிவு, குற்றம் எங்கே நடந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. "எங்கள் எல்லை இல்லை" என்ற பதிலே செல்லாது.

அன்று சாயங்காலம் நானும் அவருடன் போனேன். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் வங்கி அடையாள அட்டை, ஓரளவு இந்தி, கையில் 173வது பிரிவின் அச்சுப்படி. நாற்பது நிமிஷத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவாகி, நகலும் கையில் வந்தது. எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அடிபட்டவர் நின்றுகொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், "துப்பாக்கி விசயம் என்னங்க ஆச்சு?" என்றார்.

"வேண்டாங்கண்ணா" என்றேன். நகலை நாலாக மடித்து, ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த தடவை கூட வர நான் இருக்க மாட்டேன். அவர் தனியாகப் போனாலும் அதே நாற்காலி கிடைக்க வேண்டும். அதைக் கேளுங்கள், துப்பாக்கியை அப்புறம் பார்க்கலாம்.