துப்பாக்கியை அறியுமுன் தோளை அறிக

விளையாட்டரங்கம்



பிள்ளைகள் பந்தும் மட்டையும் கேட்டால் பெற்றோர் தயங்குவதில்லை. ஓராண்டுக் காலம் பயிற்சிக் களத்துக்குச் சென்று வந்த மகனோ மகளோ, “எனக்கெனச் சொந்தமாக ஒரு துப்பாக்கி வேண்டும்” என்று கேட்கும்போதுதான் வீட்டில் பேச்சு அடங்கிப் போகிறது. மாதச் சம்பளத்தில் காலங் கழிக்கும் குடும்பத்துக்கு அது சிறிய செலவன்று. வைப்பு நிதியிற் கை வைக்கவோ, ஊரில் வீடு கட்டும் எண்ணத்தைத் தள்ளிப் போடவோ நேரலாம். மறுத்தாலோ பிள்ளையின் ஊக்கம் குன்றும். ஆதலின், பறக்கும் தட்டைச் சுடும் போட்டிக்குரிய மேல்கீழ் இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

டில்லியில் இவ்விளையாட்டுக்குரிய பெருங்களம் துக்ளகாபாத்தில் உள்ளது. 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுக்கென அமைந்த அக்களம் டாக்டர் கர்ணி சிங் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிகானீர் மன்னராகிய அவர், 1962-இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகளிற் கலந்துகொண்டார். 2004-இல் ஏதென்ஸ் நகரில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் இரட்டைத் தட்டுப் போட்டியில் வெள்ளி வென்றார். நம் புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபில் வந்த பிருதிவிராஜ் தொண்டைமான், 2023-இல் ஹாங்சௌவில் நடந்த ஆசிய விளையாட்டில் டிராப் குழுப் போட்டியில் தங்கம் வென்ற மூவருள் ஒருவர். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் களம் இறங்கினார். மன்னர் குடியினர் முன்னின்று வளர்த்த இவ்விளையாட்டை இன்று சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் நாடுகின்றனர். அரண்மனைக்கு இல்லாத கணக்கு நம் வீட்டுக்கு உண்டு.

சுடப்படும் பொருளைக் களிமண் தட்டு என்பர். பெயரே ஒழிய அதிற் களிமண் இல்லை. சுண்ணாம்புக்கற் பொடியையும் கீலையும் கலந்து வார்த்தது. அதன் குறுக்களவு 11 சென்டிமீட்டர். எடை 105 கிராம். டிராப் போட்டியில் சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னே பள்ளத்தில் இருக்கும் பொறி, தட்டை அவரை விட்டு விலகிச் செல்லுமாறு, தடையின்றிப் பறந்தால் 76 மீட்டர் எட்டும் விசையில் வீசுகிறது. இடமோ வலமோ, உயரமோ தாழ்வோ முன்கூட்டித் தெரியாது. ஒவ்வொரு தட்டுக்கும் இரு தோட்டா உண்டு. ஒவ்வொன்றிலும் 24 கிராம் ரவைக்கு மேல் இருத்தலாகாது. சுற்றுக்கு 25 தட்டு. ஐந்து சுற்றில் 125.

இரு குழல்கள் பக்கம் பக்கமாய் அமைந்த பழைய வேட்டைத் துப்பாக்கியை விட்டு, ஒன்றன்மேல் ஒன்று அமைந்ததை நாடுவது ஏன்? முதலாவது, கண்ணுக்கு முன்னே அகலமான இரு குழல் தெரியாமல் ஒரே ஒடுங்கிய கோடு தெரிகிறது. இரண்டாவது, முதலிற் சுடும் கீழ்க்குழல் தோளுக்கு நேராக உதைப்பதால் குழல்முனை அதிகம் எழும்புவதில்லை. இரண்டாம் வெடி விரைவாகக் கைகூடும். மூன்றாவது, இரு குழல்களின் வாயையும் வேறுவேறு ஒடுக்கத்தில் அமைக்கலாம். நான்காவது, துப்பாக்கி மடிந்து திறந்திருக்கையில் அது சுடாது என்பதைத் தொலைவில் நிற்பவரும் காண்பர். பலர் கூடும் களத்தில் இஃது ஒன்றே பெரும் நன்மை.

இனித் தலையாய செய்திக்கு வருவோம். ரைபிளில் முன்னும் பின்னும் குறிகாட்டிகள் உண்டு. இத்துப்பாக்கியிலோ முனையில் ஒரு சிறு மணி மட்டுமே உண்டு. பின்குறி சுடுபவரின் கண்ணேயாம். கண்ணை உரிய இடத்தில் நிறுத்துவது கன்னம் பதியும் மரக்கட்டை. கண்ணிலிருந்து குழல்முனை ஏறக்குறைய 1.1 மீட்டர் தூரம். தட்டு உடையும் இடம் 33 மீட்டர் என்று கொள்வோம். அது முப்பது மடங்கு. கட்டை உயர்ந்து கண் 3 மில்லிமீட்டர் மேலே போனால், ரவைக் கொத்தின் நடுவிடம் 9 சென்டிமீட்டர் மேலே போகும். தட்டின் அகலமே 11 சென்டிமீட்டர்தானே! மூன்று ஐம்பது பைசா நாணயத்தின் கனம் கூட இல்லாத பிழை, நாள் முழுதும் பட்ட பாட்டை வீணாக்கிவிடும். எனவே எந்தக் கம்பெனியின் துப்பாக்கி என்பதற்கு முன், எந்த உடலுக்குரிய கட்டை என்பதே கேள்வியாதல் வேண்டும்.

பொருத்தம் காணும் முறை எளிது. முதலிற் கண்ணைச் சோதிக்க. இரு கண்ணும் திறந்தவாறு தொலைவிலுள்ள விளக்குக் கம்பத்தை விரலாற் சுட்டி, பின் இடக்கண்ணை மூடுக. விரல் கம்பத்தின் மேலேயே நின்றால் வலக்கண் தலைமைக்கண். விரல் விலகினால் இடக்கண் தலைமைக்கண். வலக்கைப் பழக்கமும் இடக்கண் தலைமையும் உடைய பிள்ளை எந்தத் தோளிற் சுடுவது என்பதைப் பயிற்சியாளரோடு கலந்து முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். வலத்தோளுக்கு வளைத்த கட்டை இடத்தோளுக்கு உதவாது.

அடுத்து, துப்பாக்கி வெறுமையாய் உள்ளதெனப் பயிற்சியாளர் பார்த்துறுதி செய்தபின், பிள்ளை கண்ணை மூடி அதைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைப் பதித்து, பின் கண்ணைத் திறக்கட்டும். கழுத்தை நீட்டாமலும் தலையைச் சாய்க்காமலும் முனைமணி நடுவே தெரிதல் வேண்டும். துப்பாக்கியின் பின்புறமே கண்ணை மறைத்தால் கட்டை தாழ்வு. குழல்மேற் பட்டை மிகுதியாய்த் தெரிந்தால் கட்டை உயரம். விசையைப் பிடித்த கையின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு விரலிடை இருப்பது நன்று. கடைகளில் வரும் கட்டைகள் பெரும்பாலும் 37 சென்டிமீட்டர் அளவின. நெடிய ஆடவர்க்கு ஏற்றவை. மகளிரும் வளரும் பிள்ளைகளும் அவற்றைச் சுமந்து பின்னோக்கிச் சாய்ந்து நிற்பதைக் களத்தில் காணலாம். அவர்களுக்குக் கன்னமேடு ஏறி இறங்கும் அமைப்பும், பின்புறத்தில் வில்லைகளைச் சேர்த்தோ நீக்கியோ நீளத்தை மாற்றும் வசதியும் உள்ள கட்டையே தக்கது. பிள்ளை வளரும்போது கட்டையும் உடன் வளரும்.

எந்தப் போட்டிக்கு என்பதையும் வாங்குமுன் தெளிதல் வேண்டும். டிராப் போட்டியில் தட்டு மேலெழுந்து விலகிச் செல்வதால், நோக்கும் இடத்துக்குச் சற்று மேலே சுடும் துப்பாக்கி வேண்டும். குழல் 76 அல்லது 81 சென்டிமீட்டர். குழல்வாய் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒடுங்கி ரவைகளை நெருக்கமாய்ச் செலுத்தும். ஸ்கீட் போட்டியில் தட்டுகள் அண்மையிற் குறுக்கே பறக்கும். தட்டு வெளிப்படும் வரை கட்டையை இடுப்பளவில் வைத்திருத்தல் விதி. ஆதலால் விரைந்து ஏறும், 71 அல்லது 76 சென்டிமீட்டர்க் குழலும் அகன்ற வாயும் உள்ள துப்பாக்கி அதற்குரியது. ஒன்றை வாங்கி இரண்டுக்கும் பயன்படுத்தலாம் என எண்ணுவோர் இரண்டிலும் குறைப்பட நேரும். எடை மூன்றரை முதல் நான்கு கிலோ வரை இருக்கும். கனமானது உதையை விழுங்கும்; ஆயின் ஐந்தாவது சுற்றில் கை தளராமல் தூக்க வல்லவர்க்கே அது நன்மை.

பெயர் பெற்ற கம்பெனிகளைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்கரான ஜான் பிரவுனிங் இவ்வகைத் துப்பாக்கியைச் செம்மைப்படுத்தும் பணியில் இருந்தபோதே 1926-இல் பெல்ஜியத்தில் உயிர் நீத்தார். அவர் மகன் பணியைத் தொடர, 1931-இல் அது விற்பனைக்கு வந்தது. இத்தாலியின் பெரெட்டா கம்பெனி 1526-ஆம் ஆண்டு முதல் குழல் வார்த்த குடும்பத்தினுடையது. அந்நாட்டின் பெராட்ஸி கம்பெனி 1957-இல் தோன்றி, 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கை முன்னிட்டு எம்.எக்ஸ். 8 என்னும் துப்பாக்கியைச் செய்தது. அதன் விசைப் பகுதியைத் தனியே கழற்றலாம். போட்டி நடுவே வில் முறிந்தால், மாற்று விசைப் பகுதியைச் செருகிப் போட்டியைத் தொடரலாம். இத்தகைய உறுதிக்கும் கட்டைப் பொருத்தத்துக்கும் பணம் கொடுப்பது தகும். பக்கத் தகடுகளிற் செதுக்கிய பூவேலைக்கும், அழகிய வாதுமை மரத்தின் வரிகளுக்கும் கொடுக்கும் பணம் ஒரு தட்டையும் உடைப்பதில்லை.

நல்ல துப்பாக்கி பல்லாயிரம் வெடி தாங்கும். ஆதலின் பிறர் பயன்படுத்தியதை வாங்குவது இழிவன்று. முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியை மெல்ல அசைத்துப் பார்த்தால் மூட்டில் ஆட்டம் இருத்தலாகாது. மூடும் நெம்புகோல் புதிதில் நடுவுக்குச் சற்று வலப்புறம் நிற்கும்; நடுவைத் தாண்டி இடப்புறம் போயிருந்தால் தேய்மானம் மிகுதி. குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பள்ளமோ புடைப்போ உண்டா என்று காண்க. குழல்களைக் கழற்றி ஒரு விரலில் தொங்கவிட்டு மெல்லத் தட்டினால் மணி போல் ஒலிக்க வேண்டும். சந்தையில் மண்பானை வாங்கும் நம் பாட்டியார் தட்டிப் பார்ப்பதும் இதற்கே. ஒலி மங்கினால் பற்றவைப்பு விட்டிருக்கக் கூடும். வல்லாரிடம் காட்டாமல் பணம் கொடுக்க வேண்டா.

துப்பாக்கியின் விலையோடு கணக்கு முடிவதில்லை. வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு சுற்று பயின்றால் 300 தட்டு; ஐம்பது வாரத்தில் 15,000 தட்டு. தட்டுக்கு ஒரே தோட்டா என்றாலும் 15,000 தோட்டா வேண்டும். களக் கட்டணமும் வெளியூர்ப் பயணமும் வேறு. ஆகவே இரண்டாண்டுத் தோட்டாச் செலவை முதலில் எழுதி வைத்து, எஞ்சிய தொகைக்குள் துப்பாக்கியைத் தேடுவதே அறிவுடைமை. சிறந்த துப்பாக்கியை வாங்கிவிட்டுத் தோட்டா வாங்க வழியின்றி உறையிலிடுவதைக் காட்டிலும், நடுத்தரமானதை வாங்கி நாள்தோறும் பயில்வது மேல்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு விதிகளும் கூறும் உரிமம் கையில் வந்த பின்னரே துப்பாக்கி வீட்டுக்கு வரலாம். 21 வயது நிறையாதவர் பெயரில் உரிமம் கிடைப்பதில்லை. அவர்கள் பயிற்சியாளரின் கண்காணிப்பிற் களத்துத் துப்பாக்கியாற் பயில்வதே வழக்கு. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் முறையை இந்திய தேசிய ரைபிள் சங்கத்திலும் மாநிலச் சங்கத்திலும் கேட்டறிக. நம்மனோர்க்கு இடமாற்றம் அடிக்கடி நேர்வது. உரிமம் எந்த எல்லைக்குள் செல்லும் என்பது அதிலேயே எழுதியிருக்கும். குடி பெயர்ந்தால் புதிய ஊர் அதிகாரிக்கு அறிவித்தல் கடமை. கோடை விடுமுறைக்கு ஊர் செல்லுமுன் துப்பாக்கியை எங்கே, யார் பொறுப்பில் வைப்பது என்பதையும் வாங்குமுன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டிலிருக்கும் நாளெல்லாம் அது பூட்டிய இரும்புப் பெட்டியிலும், தோட்டா வேறொரு பூட்டினுள்ளும், சாவி பெரியவர் கையிலும் இருத்தல் வேண்டும். விருந்தினர்க்கு எடுத்துக் காட்டும் பொருளன்று அது.

எனவே பெற்றோர்க்கு யாம் கூறுவது இதுவே. கேட்ட அன்றே வாங்கவும் வேண்டா, மறுக்கவும் வேண்டா. களத்தில் இரவலாய்க் கிடைக்கும் பல துப்பாக்கிகளால் பிள்ளை சில ஆயிரம் தட்டுகளைச் சுடட்டும். எந்தக் கட்டை கன்னத்துக்கு இசைந்தது, எந்த எடை தோளுக்கு ஒத்தது என்பது அதற்குள் தெரிந்துவிடும். அதுவரை ஊக்கமும் நிலைத்திருந்தால், செலவு செய்யும் தந்தையும் தாயும் அச்சமின்றிச் செய்யலாம்.

அடுத்த இதழில், காற்றுத் துப்பாக்கிப் பயிற்சியைப் பள்ளி மாணவர் தொடங்கும் முறையைப் பற்றி எழுதுவோம்.