ஆளுக்கோர் இலை

விருந்து வீட்டில் அடுப்பு எல்லோருக்கும் பொது. இலையோ ஆளுக்கு ஒன்று. ஒருவர் உண்டு எழுந்த இலையில் அடுத்தவருக்குச் சோறிடுவோர் உண்டோ? விடுதிக் கணக்குக்கும் நூலகத்துக்கும் தேர்வு முடிவுக்கும் நம் மாணவ நண்பர்கள் எழுதும் வலைச் செயலிகள் பலவற்றில் இந்த எளிய நெறி மறக்கப்படுகிறது என்பதே என் குறை.

வலைத்தளத்திடம் நாம் ஒன்றைக் கேட்பது ஒரு ரிக்வெஸ்ட். சர்வர் ஒரே வேளையில் பல ரிக்வெஸ்டுகளைக் கவனிக்கிறது. நிரலின் ஒவ்வொரு பகுதியும் தனக்கு வேண்டிய ஆப்ஜெக்டைத் தானே ஆக்கிக்கொள்ளாமல் வெளியிலிருந்து பெறுவதே டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன். 2004-இல் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய கட்டுரை இப்பெயரைப் பரப்பிற்று. ஆக்கித் தருவது கன்டெய்னர். எது எவ்வளவு காலம் வாழவேண்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டியவர் நாம்.

ஏஎஸ்பி டாட்நெட் கோரில் ஆயுள் மூவகை. கேட்குந்தோறும் புதிதாய்ப் பிறப்பது டிரான்சியன்ட். ஒரு ரிக்வெஸ்டோடு பிறந்து அதனோடு மடிவது ஸ்கோப்டு. செயலி ஓடும் வரை ஒன்றே ஒன்றாய் நிற்பது சிங்கிள்டன். ஜாவா மொழியின் ஸ்பிரிங்கிலோ, நாம் வாளா இருந்தால் கிடைப்பது சிங்கிள்டனே. நுழைந்தவர் பெயரை அதனுள் குறித்துவைத்தால் என்ன ஆகும்? ஒரு மாணவியின் மதிப்பெண் வேறொருவர் திரையில் தோன்றக்கூடும்!

எழுதியவர் தனியே அமர்ந்து சோதிக்கையில் இக்குறை தெரியாது. ஒருவரே உண்ணும் பந்தியில் இலை மாறுவது ஏது? தேர்வு முடிவு வரும் நாளில், பலர் ஒருங்கே நுழையும்போதுதான் குட்டு வெளிப்படும்.

மற்றொரு பிழை இன்னும் நுட்பமானது. சிங்கிள்டன் ஒன்று ஸ்கோப்டு ஆப்ஜெக்டைப் பற்றிக்கொண்டால், ரிக்வெஸ்ட் முடிந்தும் அது மடிவதில்லை. 2014-இல் மார்க் சீமன் இதைச் சிறைப்பட்ட சார்பு என்ற பொருளில் பெயரிட்டார். டேட்டாபேஸோடு பேசும் டிபிகான்டெக்ஸ்ட், ஒரே வேளையில் பலர் கையாளத் தக்கதன்று. அது சிறைப்பட்டால் பலரும் அதையே இழுப்பர். டாட்நெட் இதைக் கண்டறிந்து தடுக்கும். ஆயினும், நாம் கேட்காதவரை அக்காவல் நிரல் எழுதும் சூழலில் மட்டுமே உண்டு. மக்கள் பயன்படுத்தும் இடத்தில் நாமே அதை அமர்த்த வேண்டும்.

'ரிக்வெஸ்டுக்கு ஒன்றென ஆக்கினால் வீண் செலவன்றோ?' என்பர் சிலர். அன்று. சிறிய ஆப்ஜெக்டை ஆக்குவது பெருஞ்செலவில்லை. செலவு மிக்கது டேட்டாபேஸ் இணைப்பு. அதைத்தான் கனெக்‌ஷன் பூல் பொதுவில் வைத்து, வேண்டும்போது தந்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறுகிறதே! அடுப்பு பொதுவாகவே இருக்கட்டும். இலையை ஏன் பொதுவாக்க வேண்டும்?

ஆகவே நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஆளைப் பற்றிய செய்தி எதுவாயினும், அந்த ரிக்வெஸ்டோடு வந்து அதனோடே போகட்டும். நீண்ட ஆயுள் வேண்டும் என்பவரே அதற்குக் காரணம் காட்டட்டும். செயலியை வெளியிடுமுன், இருவர் இரு பெயரில் ஒரே வேளையில் நுழைந்து சோதியுங்கள். நம்மை நம்பித் தம் செய்திகளைத் தருவோர் நம்மோடு பயிலும் தோழர்கள். அவர்கள் மானத்தைக் காப்பது நம் கடன்.