நிலத்தின் வரைபடம் நம் கையிலும் இருக்கட்டும்

நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் என் தொழில். சிதம்பரம் பக்கம் உழவர்களிடம் அதைச் சொன்னால், ‘அதெல்லாம் டவுன் சமாச்சாரம்’ என்கிறார்கள். நம் மாவட்டத்தில் நடந்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

2017-இல் கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் 45 கிராமங்களைப் பெட்ரோலிய ரசாயன முதலீட்டு மண்டலமாக அரசு அறிவித்தது. உழவர்கள் விடாமல் எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரியில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அதே மாதம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியது. நம் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய ஐந்து ஒன்றியங்கள் அதில் உண்டு. 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கேயுள்ள பழுப்பு நிலக்கரித் தொகுதி ஏலப் பட்டியலில் வந்தபோது, முதலமைச்சர் இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தொகுதியும் பட்டியலிலிருந்து நீங்கியது.

ஆனாலும் இது முழு வேலி இல்லை. எண்ணெய், எரிவாயு எடுப்பதையும் உருக்காலை, தோல் பதனிடும் ஆலைகளையும் தடுக்கிறது. சாலை, துறைமுகம், குழாய்ப் பாதைக்குத் தடையில்லை. மனை போடுவதும் தடைப் பட்டியலில் இல்லை. வாய்க்காலைத் தூர்த்து மனை போட்டால் மேலே இருக்கிறவர் வயலில் தண்ணி நிற்கும், கடைமடை காயும்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் என்எல்சி கால்வாய்க்காகப் பச்சை நெற்பயிர்மேல் பொக்லைன் ஓடியது. முன்பே கையகப்படுத்திய நிலம் என்றது நிறுவனம். பதிவேட்டில் இருந்தது ஒன்று, வயலில் நின்றது வேறு.

இயற்கை உழவருக்கு இதில் நட்டம் கூடுதல். பலதானியம் விதைத்து மடக்கி உழுது, ஜீவாமிர்தம் விட்டு, மண்புழு திரும்பி வர வருஷக்கணக்காகும். நிலத்தின் விலையைக் கணக்கிடுவதோ வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்துப் பத்திர விலையையும் வைத்து. மண்ணின் வளத்துக்கு அங்கே கட்டமே கிடையாது.

கேரளத்தில் 2008-இன் நெல்வயல் சட்டப்படி ஊராட்சித் தலைவரும் உழவர் பிரதிநிதிகளும் உள்ள குழுவே வயல்களின் விவரப் பட்டியலைத் தயாரிக்கிறது. நம் சட்டத்திலும் அப்படி ஒரு பிரிவு வேண்டும் என்று கேட்போம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். அடங்கலையும் புலப்படத்தையும் எடுத்து வைத்து உட்காருங்கள். எந்த சர்வே எண்ணில் எத்தனை வருஷமா ரசாயனம் போடவில்லை, எந்தக் கன்னி வாய்க்கால் எங்கே வடிகிறது, மாடு மேயும் தரிசு எது என்று குறியுங்கள். கிராமசபையில் தீர்மானமாக்கி ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மானம் மட்டுமே எந்தத் திட்டத்தையும் நிறுத்திவிடாது. ஆனால் ஆட்சேபணை மனு எழுதும்போதும் நீதிமன்றப் படியேறும்போதும் நம் கையில் ஓர் ஆவணம் இருக்கும். கிராமசபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கே வரைபடத்தோடு போங்கள்.