டயாலிசிஸ் நோட்டில் ஒரு கட்டம்

மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,

வத்திராயிருப்பிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் அண்ணன் ஒருவருக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பும் உண்டு. டயாலிசிஸ் நாளில் விடியற்காலையிலேயே ஃபிட்ஸ் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். நாலு மணி நேரம் மெஷினில் படுத்து எழுந்து திரும்புகையில், ஒருநாள் பஸ்ஸிலேயே வலிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் பதறிப்போய்ச் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். அது டயாலிசிஸ் ஊசி குத்தும் பிஸ்டுலா உள்ள கை. ஊசி குத்திய இடத்துக் கட்டு அவிழ்ந்து சட்டையெல்லாம் ரத்தம்.

மாத்திரையை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. அவர் போடுவது லெவெடிராசெட்டம். ஒரு டயாலிசிஸில் உடம்பில் உள்ள அந்த மருந்தில் ஏறக்குறைய பாதி கழிந்துவிடும். முடிந்ததும் கூடுதலாக ஒரு வேளை தர வேண்டும். மருத்துவர்களுக்கு இது புதுச் செய்தியல்ல. ஃபெனிடோயின் அப்படிக் கழிவதில்லை. ஆகவே ஆளுக்கு ஆள் பார்த்துத்தான் எழுத வேண்டும். நரம்பு டாக்டரின் சீட்டோ வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது. கையோடு போகும் டயாலிசிஸ் நோட்டில் எடைக்கும் பிரஷருக்கும் கட்டம் உண்டு, வலிப்புக்கு இல்லை. எந்த மருத்துவமனை என்று எழுதவில்லை; அங்குள்ள செவிலியர்கள் மீது எனக்கு வருத்தமில்லை.

வலிப்புள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் காரணம் தெரியாமல் திடீரென இறப்பதாகக் கணக்கு, பெரும்பாலும் தூக்கத்தில். டயாலிசிஸ்காரருக்குப் பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கும் அபாயம் வேறு. வாரம் மூன்று முறை செய்துகொள்பவர்களிடையே, இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு சாவு கூடுவதை 2011-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. தென்னந்தோப்புகள் சூழ்ந்த எங்கள் ஊரிலோ, மயங்கி எழுந்தவருக்கு முதலில் நீட்டுவது இளநீர். பொட்டாசியம் நிறைந்த அதை அன்றும் யாரோ நீட்டினார்கள்.

தங்களின் ஒரு சுற்றறிக்கையில் முடிகிற காரியங்களையே கேட்கிறேன். டயாலிசிஸ் நோட்டில் வலிப்பு மாத்திரைக்கு ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். கூடுதல் வேளையை, நோயாளி கட்டிலை விட்டு இறங்குமுன் அங்கேயே கொடுக்க இருப்பு வைக்கச் சொல்லுங்கள். 2021 முதல் வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள், பிரஷர் பார்க்கும்போதே 'இந்த மாதம் ஃபிட்ஸ் வந்ததா?' என்று கேட்கட்டும். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், கையில் இரும்பு வேண்டாம் என்று வீட்டாருக்கும் சொல்லட்டும்.

அண்ணனுக்கு அடுத்த டயாலிசிஸ் திங்கட்கிழமை, இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு. புது நோட்டு அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை ஐயா. இருக்கிற நோட்டிலேயே பேனாவால் ஒரு கோடு இழுத்தால் போதும்.

இப்படிக்கு,
வத்திராயிருப்புவாசி ஒருவர்